நான் இல்லாவிட்டால் நடக்காது

வணக்கம் சார்,

தென்மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். ரிசல்ட் வெளியாகும் அன்றைக்கு சர்வர் படுத்தால் துணைவேந்தர் வரைக்கும் என் பெயர் தெரியும். மற்ற நாட்களில் நான் பிரிண்டர் சரி பார்க்கிற பையன். லீவு போட்டு ரொம்ப காலமாகிறது. எல்லா பாஸ்வேர்டும் என் தலைக்குள்தான் இருக்கிறது, நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது. இப்போது பெங்களூரு கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது. போகட்டுமா, இருக்கட்டுமா? எனக்கு எழுதவும் ஆசை. இந்த வேலையில் எழுதுவதற்கு ஏதாவது இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் சார்.)

அன்புள்ள தம்பி,

எழுத வருவதற்கு முன் நானும் ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் வேலை பார்த்தவன். அங்கே எனக்கு மேலே இருந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் சலிப்பு புரிகிறது. ஹாஸ்டல் பையன் ஒருவன் வைஃபை ரவுட்டர் வாங்கி வந்து கேபிளைத் தப்பான துளையில் செருகுவான். அது தன் இஷ்டத்துக்கு அக்கம்பக்கத்து அறைகளுக்கெல்லாம் ஐபி முகவரியை (நெட்டில் ஒவ்வொரு கணினிக்கும் தரும் எண்ணை) தப்பாக வழங்க ஆரம்பிக்கும். கட்டிடம் முழுக்க நெட் போய்விடும். மாடி மாடியாக ஏறி அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தால், "நெட் ஸ்லோவா இருந்துச்சு சார், அதான்" என்பான்.

பேராசிரியர்கள் மதிப்பதில்லை என்ற புலம்பலை விடுங்கள். பிரிண்டரைச் சரி செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

எழுத என்ன இருக்கிறது என்கிறீர்கள். 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். ஆய்வுக்கான பணம் தீர்ந்துபோனதால் வந்த வேலை. கணினியைப் பயன்படுத்திய நேரத்துக்குக் காசு வாங்கும் கணக்கில் 75 சென்ட் இடித்தது, ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். அதைத் துரத்திக்கொண்டே போனதில், ஜெர்மனியின் ஹனோவரில் உட்கார்ந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து, கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த ஆள் அகப்பட்டான். இதை எல்லோரும் துப்பறியும் கதையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அவர் வைத்திருந்த நோட்டுதான். பார்த்தது, செய்தது எல்லாவற்றையும் அதில் எழுதினார். வானியலாளரின் பழக்கம்.

உங்களிடம் அப்படி ஒரு நோட்டு இல்லை. பாஸ்வேர்ட் தலைக்குள் இருக்கிறது என்று பெருமை வேறு. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாளைக்கு டெங்கு வந்து படுத்தால் என்ன செய்வார்கள்? ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மதிப்பெண்ணை உங்கள் உடம்பை நம்பி வைத்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் அர்ப்பணிப்பு இல்லை தம்பி, பொறுப்பில்லாத்தனம்.

எனக்கு மேலே இருந்தவர் என்று முதலில் சொன்னேனே, அந்த மனிதர் கணக்குப் பிள்ளை போல ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். எந்த மெஷினில் எதைத் தொட்டாலும் தேதி, நேரம், எதற்காக, திரும்பப் பழையபடி ஆக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவார். செமஸ்டர் முடிந்ததும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் எவனோ அவனைக் கூப்பிட்டு, நோட்டையும், ஃபைல்களின் நகல் இருக்கும் ஒரு பேக்கப் டேப்பையும் கையில் கொடுப்பார். "இன்னார் ஃபைலை அந்த இன்னொரு மெஷின்ல எடுத்து வை." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கேள்வி கேட்க ஆள் இருக்காது. நோட்டில் இல்லாதது எதுவோ அது அப்போது தெரிந்துவிடும்.

ஒரு முறை டேப்பை அந்த மெஷின் படிக்கவே இல்லை. எழுதிய டிரைவில் போட்டால் ஒழுங்காகப் படிக்கிறது. அந்த டிரைவில் டேப்பைத் தொட்டுப் படித்து எழுதும் ஹெட் கொஞ்சம் விலகியிருந்தது. தான் எழுதியதைத் தானே படிக்கும், வேறு எந்த டிரைவுக்கும் புரியாது. அதுவரை தினமும் இரவு 'பேக்கப் வெற்றி' என்றுதான் லாக்கில் (கணினி தானே எழுதும் பதிவில்) வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவ் எரிந்துபோயிருந்தால் அலமாரி நிறைய டேப் இருந்தும் ஒன்றுமில்லை. நான் கேட்பது இதுதான்: கடைசியாக எப்போது உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்? நீங்கள் எடுத்தது கணக்கில் சேராது. வேறொருவர், நீங்கள் எழுதி வைத்ததை மட்டும் படித்து, எடுத்திருக்க வேண்டும்.

டேப் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டே (கணினிக்கான கட்டளைப் பட்டியலே) ஃபைல்களைத் தின்றது. அதைப் படிக்க எளிதாகத் திருத்தி எழுதியிருந்தார்கள். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதைப் போட்டார்கள். கட்டளைகளை ஓட்டும் ஷெல், ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஆரம்பிக்காது, போகப்போகத்தான் படிக்கும். பாதியில் ஸ்கிரிப்ட் மாறியதில், எந்த இடத்தில் அழிக்க வேண்டும் என்று சொல்லும் மாறி (variable) காலியாக வந்தது. பழைய லாக்குகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் ஃபைல்களை அழித்தது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் நான்கு குழுக்களுக்கு மீட்டெடுக்க வழியே இல்லை. இத்தனைக்கும் செய்தவர்கள் தொழில் தெரியாதவர்கள் இல்லை. திருத்தியதை எப்படி, எந்த நேரத்தில் ஓடவிடுவது என்று இன்னொருவர் குறுக்கே நின்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? யாருக்கும் எதுவும் தெரியாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே.

லேப்பில் தற்காலிகமாக வேலை பார்க்கிற பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். ஒருவரைப் பிடித்து உட்கார வையுங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கி, பதிவாளர் அறை பீரோவில் வையுங்கள். அப்புறம் ஒரு வாரம் லீவு போடுங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டுக் குற்றாலம் போங்கள்.

பெங்களூரா? சம்பளம் நன்றாக இருந்தால் போங்கள், இதிலெல்லாம் என்னைக் கேட்க என்ன இருக்கிறது. ஆனால் இந்த செமஸ்டர் ரிசல்ட் வரட்டும்.