ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம், கோபம் மட்டும் திரும்பி வந்துவிட்டது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. மனைவியும் ஒன்பது வயது மகளும் இருக்கிறார்கள். எட்டு மாதங்களுக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்தேன்.

அதற்கு முன்பு நான் எப்படிப்பட்டவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் என் குரல் கேட்டாலே எல்லாரும் அடங்கிவிடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். மகளை இரண்டு முறை கை நீட்டி அடித்திருக்கிறேன். மிகவும் உடைந்துபோயிருந்த ஒரு காலத்தில் உடன் வேலை பார்ப்பவர் எனக்காக ஜெபித்தார். அப்புறம் சபைக்குப் போகத் தொடங்கினேன். தண்ணீரிலிருந்து எழுந்தபோது குழந்தைபோல அழுதேன். அதன்பிறகு நான்கைந்து மாதங்கள் வேறு ஒரு ஆளாகவே இருந்தேன். அதிகாலையில் அலாரம் இல்லாமலேயே விழிப்பு வரும், வேதத்தைத் திறந்தால் மூட மனம் வராது. கோபம் என்ற ஒன்று எனக்குள் இருந்ததே மறந்துபோனது.

மூன்று வாரங்களுக்கு முன்பு, வேலையில் ஒரு மோசமான நாள் முடிந்து வீட்டுக்கு வந்து, மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே வகுத்தலை மூன்றாவது முறையும் தவறாகப் போட்டாள். நோட்டை மேஜையில் ஓங்கி அடித்துக் கத்தினேன். அவள் அழவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். முன்பெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே அப்படித்தான் செய்வாள். இந்த மாதங்களில் அது நின்றிருந்தது.

மனைவி கதவருகில் நின்று, “அப்போ அதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தானா?” என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து இரவில் தூக்கம் இல்லை. பாவ அறிக்கை செய்கிறேன். நடுவில் மனம் எங்கேயாவது போனால் அது சரியாகச் செய்ததாகாது என்று தோன்றி முதலிலிருந்து தொடங்குகிறேன். சில நாள் இரண்டு மணி ஆகிவிடுகிறது. ஆராதனையில் கைகளை உயர்த்தும்போது நடிப்பதுபோல் இருக்கிறது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரரிடம் மனம்விட்டுச் சொன்னேன். “உண்மையா மனந்திரும்பியிருந்தா பழசு திரும்பி வராது” என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வசனமும் அதைத்தானே சொல்கிறது: “பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின.”

அடுத்த மாதம் நான் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டிருக்கிறார். கோபக்காரனாக இருந்தவனைத் தேவன் எப்படி மாற்றினார் என்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் இரட்சிக்கப்பட்டதே பொய்யா? மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? சாட்சியில் என்ன சொல்வது?

இப்படிக்கு,
பெயர் சொல்ல விரும்பாத ஒருவன்

பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த நாற்காலியிடம்தான் நின்றேன்.

மகள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது தோல்வியின் அடையாளமாகப் படுகிறது. அதற்கு அடுத்த வரியையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “இந்த மாதங்களில் அது நின்றிருந்தது.” ஒரு ஒன்பது வயதுப் பெண்ணின் உடம்பு பொய் சொல்லாது. அப்பா பக்கத்தில் வந்தால் விலக வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பழகிய பிள்ளை, சில மாதங்கள் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறாள். யாரும் அவளுக்குப் பிரசங்கம் செய்து அதை நிறுத்தவில்லை. உங்களிடம் ஏதோ ஒன்று உண்மையிலேயே மாறியது. அவளுக்கு அது தெரிந்தது. ஆகவே, இரட்சிப்பே பொய்யா என்ற கேள்விக்கு நான் உங்கள் உணர்ச்சிகளிடம் பதில் கேட்கமாட்டேன், அந்தப் பிள்ளையிடம் கேட்பேன்.

ஆனால் அவள் மறுபடியும் நகர்த்தியிருக்கிறாள். அதற்கும் வருகிறேன்.

முதலில், பழையது ஏன் திரும்பி வந்தது? மனம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் நாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாப்பாடு வரும் என்ற அடையாளத்தைக் காட்டினாலே அவற்றுக்கு எச்சில் ஊறும். அடையாளத்தை மட்டும் காட்டிச் சாப்பாடு தராமல் விட்டால், கொஞ்சம் கொஞ்சமாக எச்சில் ஊறுவது நின்றுவிடும். சிறிது இடைவெளி விட்டு மறுபடி காட்டினால் எச்சில் ஊறும்! பழைய பாடம் அழிந்துபோகவில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். களைப்பு, அவமானம், பழைய சூழல் இவையெல்லாம் ஒன்றுசேரும் நாளில் அடியில் இருப்பது மேலே வரும். உங்கள் கோபம் ஞானஸ்நானத்துக்கு முந்தின 35 வருஷத்தில் படிந்தது, அதிலும் பாதி உங்கள் அப்பாவின் வீட்டில் கற்றது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் ஒரு ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். தினமும் ஒரு சின்னப் புதுப்பழக்கத்தைத் தொடங்கச் சொன்னார்கள். அது தன்னால் நடக்கும் அளவுக்குப் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆனது, நடுத்தரமாகச் சொன்னால் 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற சாதாரணக் காரியத்துக்கே இவ்வளவு. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு முடிவு: நடுவில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெட்டுப்போகவில்லை.

இனி அந்த வசனம். நானும் விசுவாசிதான், அதை நானும் மனப்பாடம் செய்தவன். இரண்டாம் கொரிந்தியர் 5:17. அந்தச் சுவர் அட்டையில் முந்தின அதிகாரத்துக்கு இடம் இருந்திருக்காது. அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல், அதே கடிதத்தில், 4:16இல் “உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது” என்று எழுதுகிறார். புதிதாயின என்று முடிந்துபோன காரியமாக எழுதிய அதே கைதான், புதிதாக்கப்படுகிறது என்று தொடரும் காரியமாகவும் எழுதியது. பவுலுக்கு இவை இரண்டும் மோதவில்லை. நீங்கள் யாருடையவர் என்பது ஒரே நாளில் தீர்மானமாகிவிட்டது. நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது நாளுக்குநாள் மாறுகிறது.

மாற்கு எட்டாம் அதிகாரத்தையும் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொடுகிறார். என்ன தெரிகிறது என்று கேட்கிறார். மனுஷர் நடப்பது மரங்கள் நடப்பதுபோலத் தெரிகிறது என்கிறான் அவன். இயேசு மறுபடியும் தொடுகிறார், அப்புறம்தான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நான் மதிப்பது அந்த மனிதனின் நேர்மையை. தொட்டவர் இயேசு. “எல்லாம் தெரிகிறது ஆண்டவரே” என்று சொல்லியிருந்தால் அவன் வாழ்நாள் முழுக்க மரங்களுக்கு நடுவில் நடந்திருப்பான். மங்கலாகத்தான் தெரிகிறது என்று சொன்னதால்தான் இரண்டாவது தொடுதல் கிடைத்தது.

ஜெபக்குழுச் சகோதரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் சொன்னது தவறு என்று நேராகவே சொல்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, போராட்டத்தை மறைக்கக் கற்றுக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைத்த இடத்தில்தான் அது வளர்கிறது. இயேசுவின் சீஷரான பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் கூட்டத்துக்கு முன்னால் பயமில்லாமல் எழுந்து நின்று பேசியவர். அப்படிப்பட்டவர் பிற்பாடு அந்தியோகியாவில் ஆட்களுக்குப் பயந்து பழையபடி நடந்துகொண்டார், பவுல் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார் என்று கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. யாரும் பேதுருவை மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லவில்லை.

நீங்களும் அவசரப்பட வேண்டாம். ஒரே ஞானஸ்நானம் என்றுதான் எபேசியர் நிருபம் சொல்கிறது. இதைப் போதகரிடம் பேசுங்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பயத்தில் தோன்றும் எந்த முடிவையும் விடிந்தபிறகு ஒருமுறை பாருங்கள்.

அந்த இரவுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அறிக்கை செய்வது, மனம் விலகினால் மறுபடி முதலிலிருந்து, அப்புறம் மறுபடி... இது பக்தி கூடியதால் வருவது என்று நினைக்காதீர்கள். பதற்றம் பக்தியின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இளம் துறவியாக இருந்தபோது இதே பாடு பட்டார். மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார், வெளியே வந்ததும் விட்டுப்போனது ஏதாவது நினைவுக்கு வரும். துறவற சபையில் அவருக்கு மேலே இருந்த ஸ்டவ்பிட்ஸ், லூத்தரின் கண்களை அவருடைய பாவங்களிலிருந்து கிறிஸ்துவின் பக்கம் திருப்பப் பாடுபட்டார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்றிரவு ஒருமுறை அறிக்கை செய்யுங்கள், ஐந்து நிமிடம் போதும். மனம் நடுவில் எங்கே போனாலும் முதலுக்குத் திரும்பாதீர்கள். விளக்கை அணைத்துப் படுங்கள். “சரியாகச் செய்யவில்லை” என்ற எண்ணம் வரும். அதற்குப் பதில் சொல்லாமல், அது வந்து போகட்டும் என்று விடுங்கள். முதல் சில இரவுகள் கடினமாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ நேரில் பாருங்கள். மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் இந்தப் பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அங்கே போவது அவிசுவாசம் ஆகாது. கண் பார்வை மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ளத்தானே செய்கிறோம்?

ஆராதனையில் நடிப்பதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். தூங்காத மனிதனுக்கு எதிலும் ஒன்றும் தோன்றாது. அதோடு, முதல் மாதங்களின் அந்தப் பொங்குதல் எப்போதும் அப்படியே நிற்பதில்லை. கல்யாணமானவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு ஆறுதல் சொன்னேன். இனி கொஞ்சம் கடினமாகவும் பேச வேண்டும். மெதுவாகத்தான் மாறுவோம் என்பதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். பாடலாசிரியர் ஜான் நியூட்டனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். 1748இல் கடும் புயலில் சிக்கிய கப்பலில் தேவனைக் கூப்பிட்டார், அதையே தன் மனமாற்றத்தின் தொடக்கமாகக் கடைசிவரை நினைத்தார். ஆனால் அதற்கு அப்புறமும் 1754 வரை அடிமை வணிகக் கப்பல்களில் போனார், தலைவராகவே மூன்று பயணங்கள். அந்த வணிகத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதி வெளியிட்டது 1788இல், நாற்பது வருஷம் கழித்து. தேவன் அவரை விட்டுவிடவில்லை என்பதை நான் நம்புகிறேன். அதே சமயம், அவர் மெதுவாக மாறிய வருஷங்களுக்கு விலை கொடுத்தவர்கள் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்தார்கள். நம் தாமதத்துக்கு எப்போதும் வேறு யாரோதான் விலை கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது உங்கள் மகள்.

ஆகவே, மூன்று வாரமாக இரவில் தேவனிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள், நல்லது. மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கே கேளுங்கள். நீளமாக வேண்டாம். “அன்னைக்கு நோட்டை அடிச்சுக் கத்தினேன். அது என் தப்பு. உன் கணக்குத் தப்பானதால இல்ல, எனக்கு என் கோபத்தை அடக்கத் தெரியல. அப்பா கத்துக்கிட்டிருக்கேன்.” இவ்வளவு போதும். உடனே அவள் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். “சாத்தான் தூண்டிவிட்டான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்கு அது இன்னொரு பயத்தைத் தரும், உங்கள் பொறுப்பையும் வேறு ஒருவர் தலையில் வைத்துவிடும்.

கோபம் வெடிப்பதற்கு முன்பு உடம்பு சொல்லும். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும். உங்களுக்கு எது என்று கவனியுங்கள். அது தெரிந்ததும், “ஐந்து நிமிஷத்தில் வருகிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள், அது ரொம்ப முக்கியம். கோபிக்கிறதற்குத் தாமதமாயிருங்கள் என்று யாக்கோபு எழுதினாரே, அந்தத் தாமதம் இந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. வேலையில் மோசமான நாளாக இருந்தால் அன்று கணக்கு சொல்லிக் கொடுக்கவே உட்காராதீர்கள். கை நீட்டும் அளவுக்கு மறுபடி ஒருமுறை போனாலும், அல்லது போய்விடுவேனோ என்று தோன்றினாலும், காத்திருக்காமல் நேரில் உதவி தேடுங்கள், மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்.

மனைவி கேட்ட கேள்வியில் எனக்குக் குத்தல் தெரியவில்லை. நம்பத் தொடங்கியிருந்தவர்தான் அப்படிக் கேட்பார். விசுவாசிகளைத் துன்புறுத்திவந்த சவுல், அதாவது பின்னாளில் பவுல், மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவரை நம்பவில்லை, பயந்தார்கள். அவர் தமஸ்கு வழியில் கண்ட ஒளியை யாரும் பொய் என்று நிரூபிக்கவில்லை, ஆனால் அவரால் காயப்பட்டவர்களுக்கு நேரம் தேவைப்பட்டது. உங்கள் மனைவியிடம் நம்பச் சொல்லிக் கேட்காதீர்கள். “நீ கேட்டது நியாயம்” என்று சொல்லுங்கள். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்.

சாட்சி விஷயம். போதகரைத் தனியாகச் சந்தித்து, எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். என் ஆலோசனை தள்ளிவைப்பதுதான். அப்புறம் ஒருநாள் சொல்லும்போது இந்த மூன்று வாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் மகளைப் பற்றி மேடையில் பேசுவதற்கு முன்பு வீட்டில் இருவரிடமும் கேளுங்கள். அது அவர்களுடைய கதையும்கூட. முடிந்துபோன வெற்றிகளை மட்டும் கேட்கும் சபையில், இன்னும் மரங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனை பேர் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறேன்.

அடுத்த முறை கணக்கு நோட்டைத் திறக்கும்போது, அவள் வருவதற்கு முன்பே நீங்கள் போய் உட்காருங்கள். நாற்காலியை எங்கே போட்டுக்கொள்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். தள்ளிப் போட்டால் தள்ளியே இருக்கட்டும், கிட்டே வரச் சொல்லாதீர்கள், நீங்களும் நகராதீர்கள். அங்கிருந்தே வகுத்தலைச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்