அவசர எண்ணுக்கு மொபைலில் அழைத்தால், நாம் இருக்கும் இடம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது?

அழைப்பவரின் இருப்பிடம் அறிதல் என்றால், அவசர உதவி கேட்டுப் பேசுபவர் எங்கே இருக்கிறார் என்று கணிப்பது. லேண்ட்லைனில் இது ஒரு விஷயமே இல்லை. எண்ணோடு முகவரியும் பதிவாகியிருக்கும். மொபைல் நம்மோடு நகர்வதால், அழைப்பை வாங்கிய டவரை வைத்துத்தான் முதல் கணிப்பு.

இரவில் எங்கோ நாய் குரைக்கிறது. எந்தப் பக்கம், கிட்டவா தூரமா என்று சொல்லிவிடலாம். எந்த வீட்டு வாசல் என்று சொல்ல முடியாது. டவரின் நிலையும் அதுதான். நெருக்கமான நகரத்தில் சில நூறு மீட்டர் பிசகும். டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் வெட்டவெளியில் பல கிலோமீட்டர். அவ்வளவு பரப்பில் ஆம்புலன்ஸ் எங்கே போய்த் தேடும்?

அதற்காக வந்ததுதான் ஏ.எம்.எல். (அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன்) என்ற ஏற்பாடு, 2014-இல் பிரிட்டனில் தொடங்கியது. அவசர எண்ணை அழைத்ததும் போனே ஜி.பி.எஸ்., வைஃபை இரண்டையும் பயன்படுத்தி இடத்தைக் கண்டுபிடித்து, தானாகவே அனுப்பிவிடும். நாம் எதையும் தொட வேண்டாம். ஆனால் எல்லா நாடுகளிலும் இது இல்லை. கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ். தடுமாறும், எந்த மாடி என்பதும் பெரும்பாலும் தெரியாது.

"இடம்தான் அவர்கள் திரையில் வந்துவிடுமே" என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே தெரிவது பல நேரம் வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம்தான், தெருப் பெயரும் மாடி எண்ணும் நீங்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.