யாளியும் டைனோசரும்

கேள்வி: வேலூர் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளி பார்த்திருப்பீர்கள். அதை எந்தச் சிற்பியும் நேரில் கண்டதில்லை. புத்தகத்தில் வரும் டைனோசர் படமும் அதே கதைதானே? இதற்கு மட்டும் ஏன் அறிவியல் என்று பெயர்? (வாசகர், காட்பாடி)

பதில்: நன்றாக மடக்குகிறீர்கள்! ஆனால் சிங்க உடம்பில் துதிக்கை எதற்கு என்று யாளிச் சிற்பியை யாரும் கேட்கப் போவதில்லை. டைனோசர் வரைகிறவரை எலும்பு கேட்கும். தசை ஒட்டியிருந்த இடத்தில் எலும்பு சொரசொரவென்று தழும்பேறியிருக்கும், அதைப் பார்த்துத்தான் தசையை ஏற்றுகிறார்கள். தடயம் இல்லாத இடத்தை, இன்றும் உயிரோடு இருக்கிற உறவுக்காரர்களான முதலையையும் பறவையையும் பார்த்து நிரப்புகிறார்கள். சேற்றில் பதிந்த தோல் அச்சுகூடச் சில இடங்களில் கிடைத்திருக்கிறது.

தப்பு வராதா என்றால், வந்திருக்கிறது. 1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த இகுவானோடான் என்ற டைனோசரின் சிலைக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு. 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கொம்பே இல்லை, கைக் கட்டைவிரலின் முள் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. யாளிக்கு இப்படி ஒரு திருத்தம் போட முடியுமா?

நிறம்தான் பெரும்பாலும் ஊகம். அதிலும் விதிவிலக்கு உண்டு: சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் வாலில் இருந்த இறகிழைகளை நுண்ணோக்கியில் வைத்து, நிறமித் துகள்களின் வடிவத்தை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு, வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்று 2010-ல் சொல்லிவிட்டார்கள். அதைப் பச்சையாக வரைந்தால் இனி தப்பு.

நான் நம்பாத படங்களும் உண்டு. மண்டையோட்டுக் குழியெல்லாம் தெரிகிற மாதிரி எலும்பின் மேல் தோலை இழுத்துப் போர்த்தியவை ஒரு ரகம். அப்புறம், ஸ்டெகோசாரஸும் டி.ரெக்ஸும் சண்டை போடும் சார்ட். இரண்டுக்கும் நடுவே சுமார் 8 கோடி வருஷம் இருக்கிறது சாமி, எங்கே போய்ச் சண்டை போடுவது?

கேள்வி: எங்கள் பக்கத்து மலைகளைத் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா? (மாணவர், குடியாத்தம்)

பதில்: கிடைக்காது தம்பி, இந்த வெயிலில் கடப்பாரையைத் தூக்காதே. வேலூர்ப் பக்கத்துப் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு, பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. டைனோசர் வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அரியலூருக்குப் போ. அங்கே டைனோசர் காலத்துக் கடலின் படிவுகள் இருக்கின்றன, நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் கல்லான ஓடாவது கண்ணில் படும்.