மாடித்தோட்டம் கேள்வி-பதில்: பங்குனிக் கடிதங்கள்

நாட்காட்டிக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். மொட்டை மாடிக்கு அந்தக் கணக்கு உதவாது. சித்திரை பிறந்து மூன்று வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிடும்; அதன்பிறகு செடி உயிரோடு இருந்தாலே போதும் என்றாகிவிடும். நமக்கு வசந்தம் என்பது வேம்பு இலை கொட்டிக் கொழுந்து விடுகிற மாசியும் பங்குனியும்தான். கடிதங்களும் அப்போதுதான் குவிகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாம்பரம் வாசகி: சுரைக்கொடியில் பூவுக்குக் குறைவில்லை. பிஞ்சுதான் சுண்டுவிரல் அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. காலை ஒன்பது மணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவியும் பார்த்துவிட்டேன். என் கைராசி சரியில்லையா?

கைராசியில் குறையில்லை, கடிகாரத்தில்தான் குறை. சுரைப்பூ சாயங்காலம் மலர்வது. அது வெள்ளையாக இருப்பதே அந்தியில் வரும் விட்டில்களின் கண்ணில் படத்தான். நீங்கள் காலையில் போய் நிற்கும்போது அது கடையை மூடிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல், அன்று மலர்ந்த ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றியெடுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தடிக்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது. பீர்க்கும் மாலைப் பூதான். புடலை இன்னும் சோம்பேறி, இருட்டிய பிறகுதான் இதழின் நூல்களை விரிக்கும். அதைப் பார்க்காமல் புடலை வளர்ப்பவர்கள் பாதிச் சந்தோஷத்தை இழக்கிறார்கள். பாகலும் பூசணியும் அதிகாலை. பூசணி பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. கொடி பூக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வரும். "பூக்கிறது, காய்க்கவில்லை" என்று அதற்குள் கடிதம் போட வேண்டாம். வெயில் ஏற ஏற ஆண் பூக்களின் எண்ணிக்கையும் ஏறும். அதனால்தான் மாசியிலேயே விதையுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் தொண்டை வற்றக் கத்துகிறேன்.

ஊர் பெயர் எழுதாத வாசகர்: என் செடியின் இலை மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?

என்ன செடி? தொட்டியா, தரையா? மஞ்சளானது பழைய இலையா, புது இலையா? ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர்? "எனக்கு உடம்பு சரியில்லை, மருந்து அனுப்புங்கள்" என்று டாக்டருக்குக் கடிதம் எழுதுவீர்களா?

போகட்டும். அடியிலுள்ள பழைய இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது. நுனியிலுள்ள புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. உவர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சாதாரணம். எதுவானாலும், உரக்கடைக்குப் போகுமுன் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் இன்று தண்ணீர் கிடையாது. பத்தில் ஏழு கடிதத்துக்கு இதுதான் பதில்.

மதுரை வாசகி: குண்டுமல்லி போன வருடம் கொட்டிக் கொட்டிப் பூத்தது. நன்றாகத் தழையட்டும் என்று பங்குனி முதல் வாரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். இப்போது ஒரு மொட்டுகூட இல்லை.

இருக்காது. மல்லிக்குக் கவாத்து கார்த்திகையில், நவம்பர் கடைசி வாக்கில். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, இலையை உருவி, எரு வைத்தால் மூன்று மூன்றரை மாதத்தில், அதாவது மாசி கடைசியிலோ பங்குனியிலோ, மொட்டு வரும். பூக்கப் போகிற கிளையைப் பூக்கிற மாதத்தில் வெட்டிவிட்டீர்கள், அதுவும் மதுரையில் இருந்துகொண்டு! செடி சாகாது. வெயிலில் வாடவிடாமல் தண்ணீர் காட்டுங்கள், ஆனிக்குள் ஓரளவு பூக்கும். பூத்து முடிந்த கிளையின் நுனியை ஒரு சாண் மட்டும் கிள்ளினால் போதும்; கத்தரியைக் கார்த்திகை வரை எட்டாத பரணில் போட்டுவிடுங்கள்.

சேலம் வாசகர்: வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலை பின்னியது போல் இருக்கிறது. காயும் வெளுத்துவிட்டது.

மஞ்சள் நரம்புத் தேமல் நோய். நச்சுயிரி, வெள்ளை ஈ சுமந்துவருவது. மருந்து கிடையாது. பிடுங்கி வெளியே போடுங்கள், அடுத்த செடிக்குத் தாவுமுன். மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு தொங்கவிடுங்கள். அர்கா அனாமிகா போன்ற ரகங்களை இந்த நோயைத் தாங்கும் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள், இப்போது அவற்றிலும் வருகிறது. ஆகவே "தாங்கும் ரகம்தானே" என்று அசந்துவிட வேண்டாம்.

திருச்சி வாசகி: அரிசி கழுவிய நீர் தினமும் ஊற்றுகிறேன். டீத்தூள், காபித்தூள், முட்டை ஓடு, வெங்காயத்தோல் ஊறிய நீர், வாழைப்பழத்தோல் ஊறிய நீர், புளித்த மோர் எல்லாம் முறை வைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் எப்சம் உப்பும் கரைத்து ஊற்றினேன். எலுமிச்சை ஆறு மாதமாக வைத்தது வைத்தபடி நிற்கிறது. வேறு என்ன கொடுக்கலாம்?

விடுமுறை கொடுக்கலாம்.

அம்மா, உங்கள் மேல் கோபமில்லை. கைபேசியைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்கு ஒருவர் சமையலறைக் குப்பையைக் கையில் வைத்துக்கொண்டு "இதை ஒரு ஸ்பூன் போடுங்கள், பூ பூவாகக் கொட்டும்" என்கிறார். யாரும் "ஒன்றும் போடாதீர்கள்" என்று படம் எடுத்துப் போடுவதில்லை. அதை யார் பார்ப்பார்கள்? நானும் ஒரு காலத்தில் காபித்தூளைக் கொட்டி ஒரு பன்னீர் ரோஜாவைக் கொன்றவன்தான். காபித்தூள் மண்ணின் மேல் காய்ந்து தோல்போல் இறுகிவிட்டது. ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓரமாக வழிந்து ஓடியது. நான் ஈரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரலை விட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் அதேதான். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ஓடு கரையவே கரையாது, பாறைபோல் வருடக்கணக்கில் கிடக்கும். தக்காளியின் அடிப்புறம் கறுத்துக் குழிந்தால் உடனே முட்டை ஓடு என்கிறார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இரண்டு நாள் பட்டினி போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து நீரோடுதான் ஏறும், அதற்குத் தனி வண்டி கிடையாது.

டீத்தூளை நீங்கள் அலசியா போடுகிறீர்கள்? பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்த தூள் அது. எறும்புக்கு விருந்து. எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். அது சுரக்கும் தேனுக்காக எறும்பு அதைக் கன்றுக்குட்டிபோல் மேய்த்துப் பாதுகாக்கும். பிறகு செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். (அதற்கும் இங்கேயே பதில்: பூச்சி மண்டிய நுனியை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள், மிச்சத்துக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். எறும்பின் வழியை அடைக்காமல் தெளித்தால் பயனில்லை.)

வாழைப்பழத்தோலில் சாம்பல்சத்து இருப்பது உண்மை. ஆனால் இரண்டு நாள் ஊறிய நீரில் இறங்குவது கொஞ்சம். கூடவே இறங்குவது பழ ஈக்கள். எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்த செடிக்கு மருந்து. பழைய இலையில் நரம்புகளுக்கு இடையே மட்டும் மஞ்சள் விழுந்தால் கொடுக்கலாம், இல்லாத நோய்க்கு மருந்து தின்பானேன்? அரிசி கழுவிய நீர் கெடுதல் இல்லை, வாரம் ஒரு நாள், புளிக்காமல்.

இத்தனையையும் தூக்கி ஒரே இடத்தில் போடுங்கள்: மட்குத்தொட்டி. சமையலறைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு. இந்த மாதம் தெருவெல்லாம் வேப்பஞ்சருகு கிடக்கிறது, அள்ளிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு வரும். அப்போது போடுங்கள், நானும் கை தட்டுகிறேன்.

எலுமிச்சைக்கு வருவோம். தொட்டியில் வெறும் தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை இரண்டு முறை ஊற்றி அலசுங்கள். ஒரு மாதம் வேறெதுவும் கூடாது. அதன்பின்னும் கொழுந்து வராவிட்டால் அடித்துளையைப் பாருங்கள், வேர் எட்டிப் பார்க்கிறதா என்று. ஓரடித் தொட்டியில் எலுமிச்சை வைத்தால் பட்டுப்பாவாடைச் சிறுமியின் சட்டையை அவள் அம்மாவுக்குப் போட்டதுபோல்தான். குறைந்தது அரை டிரம் வேண்டும். மாற்றும் வேலையை முதல் மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் வாசகர்: நீல ரோஜா விதை 20 எண்ணம் 150 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கினேன். முளைத்தது, ஆனால் பார்த்தால் கீரைபோல் இருக்கிறது.

கீரைதான். கடைந்து சாப்பிடுங்கள் என்று சொல்லலாம், ஆனால் என்ன கீரை என்று தெரியாமல் சாப்பிட வேண்டாம். ரோஜாவில் நீல நிறமி கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பல வருடம் மரபணு மாற்றி ஆராய்ந்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததே கத்தரிப்பூ நிறத்தில்தான் இருந்தது. உங்களுக்கு 150 ரூபாய்க்கு யார் கொடுப்பார்கள்?

புதுக்கோட்டை வாசகி: கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் போல் புழு. கூசுகிறது. என்ன தெளிக்க?

ஒன்றும் தெளிக்க வேண்டாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. சில நாளில் பச்சைச் சட்டை மாற்றிக்கொள்ளும். கன்று சின்னது என்றால் குச்சியால் எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள். பெரிய செடி என்றால் நாலு இலை தின்றுவிட்டுப் போகட்டும்.

விழுப்புரம் வாசகர்: தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது. தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் மூன்று முறை தெளித்தாயிற்று.

முப்பது முறை தெளித்தாலும் வெயில் குறையாது. பகலில் 35 டிகிரி தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. நிழல்வலை கட்டுங்கள், 50 சதவீத வலை போதும். இருக்கிற காயைப் பழுக்கவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளியை ஆடியில் மறுபடி பார்க்கலாம். இப்போதைக்குக் கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு இருக்கின்றன. வெயிலைப் பார்த்துப் பயப்படாத பிள்ளைகள்.

கோவை வாசகர்: மயில் வந்து நாற்றையெல்லாம் கொத்திவிடுகிறது. விரட்ட என்ன வழி?

வலை. விஷம், கண்ணி என்று எதையும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

கும்பகோணம் வாசகி: முதல் முறையாகப் புடலை காய்த்திருக்கிறது! கல் கட்டினால்தான் நேராக வளருமா? தினமும் நாலு முறை மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன்.

ஐந்தாவது முறையும் போங்கள், தப்பில்லை. குட்டைப் புடலைக்குக் கல் தேவையில்லை. நீளப் புடலை என்றால் பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நெல்லிக்காய் அளவுக் கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அம்மிக்குழவி வேண்டாம், காம்பு அறுந்துவிடும். கட்டாவிட்டால் பாம்புபோல் சுருளும், ருசி ஒன்றுதான்.

ஆவடி வாசகர்: பையில் ஊற்றும் தண்ணீர் உடனே அடியில் ஓடிவிடுகிறது. இரண்டு வேளை ஊற்றியும் செடி வாடுகிறது.

விரலை விட்டீர்களா? மேலே ஈரம், உள்ளே பொடியாக இருக்கும். தென்னை நார்க்கழிவுக் கலவை முழுக்கக் காய்ந்தால் சுருங்கிப் பையைவிட்டு விலகும். தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும். சின்னப் பை என்றால் வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்துங்கள். பெரிய பை என்றால் ஒரு குவளை, பத்து நிமிடம் கழித்து இன்னொரு குவளை என்று நாலு முறை. பிறகு மூன்று அங்குலம் சருகு மூடாக்கு. இன்னொரு எச்சரிக்கை: மதியம் குழாயைத் திறந்து நேராகச் செடிக்குப் பிடிக்காதீர்கள். மாடித்தொட்டித் தண்ணீர் அந்த நேரத்தில் ரசம் வைக்கிற சூட்டில் இருக்கும். காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள்.

காஞ்சிபுரம் வாசகர்: விடுமுறைக்கு ஒன்பது நாள் ஊருக்குப் போகிறோம். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துச் செருகிவிட்டுப் போகலாமா?

ஒரு லிட்டர் பாட்டில் நீங்கள் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடும். தொட்டிகளையெல்லாம் படிக்கட்டு நிழலில் நெருக்கமாகக் கூட்டி வையுங்கள், முற்றிய காயைப் பறித்துவிடுங்கள், மூடாக்குப் போடுங்கள், பக்கத்து வீட்டில் மாடிச் சாவியைக் கொடுங்கள். அவர்களுக்கும் விரல் சோதனையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் பாசத்தில் ஊற்றியே கொன்றுவிடுவார்கள்.