தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு “இல்லை” என்றார்களா? எந்த ஏடு, எந்த ஊரில்?

கேள்வி: எங்கள் தாத்தா பெயர் ராயப்பன், அவருடைய அப்பா சின்னப்பன். திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமம். தாத்தா 1981-இல் இறந்தபோது வயது 56 என்கிறார்கள். குடும்ப வரலாறு எழுத வேண்டும் என்று ஊர்க் கோயிலில் கேட்டோம். 1968-க்கு முந்தைய ஏடே இல்லை என்றார்கள். அரசு அலுவலகத்தில் பிறப்புப் பதிவும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கல்லும் இல்லை. 25,000 ரூபாய் கொடுத்தால் ஞானஸ்நானச் சான்றிதழும் ஐந்து தலைமுறை வம்சாவளியும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். முன்பணமாக ஒரு ரூபாய்கூட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பதிவு தொலைந்துவிட்டது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இருக்கும் இடத்தில் இன்னும் யாரும் தேடவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் உள்ள “1968” என்ற எண்ணில்தான் விடை இருக்கிறது. அந்த ஆண்டில்தான் உங்கள் ஊர் தனிப் பங்காக, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள தனிக் கோயில் வட்டாரமாக, உயர்ந்திருக்க வேண்டும். தனிப் பங்கானால்தான் பங்குத்தந்தை அங்கேயே தங்குவார். தனி ஞானஸ்நான ஏடும் அன்றுதான் தொடங்கும். அதுவரை உங்கள் ஊர் வேறொரு பங்கின் கிளைக்கிராமம். உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொடுப்பார், சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வந்து பூசை வைப்பார். பிறந்த குழந்தையைத் தாய்ப்பங்குக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், அல்லது சாமியார் வரும் நாளில் ஊரிலேயே கொடுப்பார்கள். எங்கே கொடுத்தாலும் எழுதுவது தாய்ப்பங்கின் ஏட்டில். ஊர் தனிப் பங்காகப் பிரிந்தபோது அந்தப் பழைய ஏட்டைக் கிழித்துப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது, அது தாய்ப்பங்கிலேயே தங்கிவிட்டது.

இதில் இன்னொரு சுற்றும் உண்டு, பலர் தடுமாறுவது இங்கேதான். 1968-இல் உங்கள் ஊருக்குத் தாய்ப்பங்காக இருந்த ஊரே, கணக்குப்படி தாத்தா பிறந்த 1925-இல் இன்னொரு பங்கின் கிளையாக இருந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் இரண்டு படி மேலே போக வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி, கோயில்களின் வெள்ளி விழா, நூற்றாண்டு விழா மலர்கள். “இந்த ஊர் இன்ன ஆண்டு வரை இன்ன பங்கின் கீழ் இருந்தது” என்ற வரியும் பங்குத்தந்தையர் பட்டியலும் ஏறக்குறைய எல்லா மலரிலும் இருக்கும். பீரோவில் நாலு படியாவது கிடக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டியலில் முதல் பங்குத்தந்தையின் ஆண்டு எதுவோ, அதுவே அந்தக் கோயில் ஏட்டின் முதல் ஆண்டு. 1925 அதற்கு முந்தியது என்றால் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுங்கள்.

தாய்ப்பங்கிலும் ஏடு கரையான் அரித்துப் போயிருந்தால் மனம் தளர வேண்டாம். 1918-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் பங்கு ஏடுகளின் நகலை ஆயரகத்துக்கு (பிஷப் அலுவலகத்துக்கு) அனுப்ப வேண்டும் என்று பங்குத்தந்தையரைக் கட்டாயப்படுத்தியது. 1925 அந்தக் காலத்துக்குள் வருகிறது. ஆனால் எந்த ஆயரகம்? திண்டுக்கல் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதி) 2003-இல்தான் உருவானது. அதற்கு முன் அந்தப் பகுதி திருச்சி மறைமாவட்டம். ஆகவே 1925-இன் நகலைத் திருச்சி ஆயரகத்தில் கேட்க வேண்டும். திண்டுக்கல்லில் கேட்டு “இல்லை” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்தது பெயர். “ராயப்பன் என்று யாரும் இல்லை” என்று தாய்ப்பங்கிலும் சொல்லக்கூடும். அந்தக் காலத்து ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் எழுதப்பட்டவை. ராயப்பன் என்பது பேதுருவின் தமிழ்ப் பெயர், சின்னப்பன் என்பது பவுலின் தமிழ்ப் பெயர். சாமியார் ஏட்டில் எழுதியது பேத்ருஸ், பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ் ஆகியிருப்பார், சூசை யோசேபுஸ், யாகப்பன் யாக்கோபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், இன்னாசி இக்னாசியுஸ், சவரிமுத்து சவேரியுஸ்.

அதோடு முடியவில்லை. தமிழில் “ராயப்பனை”, “சின்னப்பனுடைய” என்று வேற்றுமை உருபு சேர்வதுபோல லத்தீனிலும் பெயரின் வால் மாறும். “சின்னப்பனுடைய மகன் ராயப்பனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்” என்ற வரியை ஏட்டில் “பாப்திசாவி பேத்ரும் பிலியும் பவுலி” என்று பார்ப்பீர்கள். பேத்ரும் உங்கள் தாத்தா, பவுலி அவருடைய அப்பா. “நாத்தும்” என்ற சொல் வந்தால் அதற்குப் பக்கத்தில் பிறந்த நாள், அல்லது பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள், வாரக்கணக்கில் வித்தியாசம் இருக்கலாம். “பாத்ரினுஸ்”, “மாத்ரினா” என்றால் ஞானத்தகப்பன், ஞானத்தாய். ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் நாலு பேத்ருஸ் இருப்பது சாதாரணம். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தாயின் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும்தான். ஆகவே கொள்ளுப்பாட்டியின் பெயரையும், கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்தவர்கள் பெயர்களையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கையில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

தேட வேண்டிய ஆண்டு 1925 மட்டும் என்று நினைக்காதீர்கள். இறந்தபோது சொல்லும் வயது பக்கத்திலிருந்தவர் வாய்க்கு வந்த கணக்கு. 1920-இலிருந்து 1930 வரை பாருங்கள்.

ஞானஸ்நானத்துக்கு முன் தாத்தாவின் திருமணப் பதிவைத் தேடுவது இன்னும் சுலபம். காலம் நமக்குக் கிட்டே, பாட்டி எந்த ஊர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாட்டி ஊர்ப் பங்கு, தாத்தா ஊர்ப் பங்கு இரண்டிலும் கேளுங்கள். கல்யாணம் ஒரு கோயிலில் நடந்தாலும் ஓலை (கல்யாண அறிவிப்பு) இரண்டு இடத்திலும் வாசிக்கப்பட்டிருக்கும். திருமண ஏட்டில் இருவருடைய பெற்றோர் பெயரும் ஊரும் வரும். ஞானஸ்நான ஏட்டின் ஓரத்திலும் ஒரு கண் வையுங்கள். 1908-க்குப் பிறகு, ஒருவர் எங்கே யாரை மணந்தார் என்பதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஓரக்குறிப்பில் பாட்டியின் பெயர் இருந்தால் நாலு பேத்ருஸில் உங்கள் தாத்தா யார் என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

மறக்காமல் குடும்பப் பதிவேட்டையும் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் என்று, பெற்றோர் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே இடத்தில் எழுதிய ஏடு அது. எல்லாப் பங்கிலும் தப்பிப் பிழைக்கவில்லை. இருந்தால் ஒரு மணி நேரத்தில் மூன்று தலைமுறை கைக்கு வரும்.

பங்குத்தந்தையை ஞாயிற்றுக்கிழமையும் தவக்காலத்திலும் திருவிழா வாரத்திலும் தொந்தரவு செய்யாதீர்கள். வார நாளில் நேரம் கேட்டு, பெயர்களைத் தமிழிலும் லத்தீன் வடிவிலும் எழுதிய தாளோடு போங்கள். ஏட்டை உங்கள் கையில் கொடுப்பது அவர் விருப்பம். கொடுத்தால் எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். மங்கிய மை அப்போதுதான் தெரியும். ஒரு பதிவு இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கத்தில் முடியும் ஏடுகள் உண்டு, ஆகவே இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஆண்டு பக்கத்தின் தலையில் மட்டும் இருக்கும், வரியில் நாளும் மாதமும்தான் வரும். தலைப்பை விட்டுவிட்டு வரியை மட்டும் படம் எடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து எந்த ஆண்டு என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

இப்போது அந்த 25,000 ரூபாய்க்காரர். இவர்கள் விற்பது இரண்டு பொருள். ஒன்று, “ஞானஸ்நானச் சான்றிதழ்”. சான்றிதழ் என்பது இன்றைக்கு அச்சிட்ட படிவத்தில் ஏட்டைப் பார்த்து நிரப்பித் தருவது. ஏட்டில் இல்லாததைப் படிவத்தில் எழுத யாருக்கும் அதிகாரம் கிடையாது. எழுதினால் அது போலி ஆவணம். அதை நாளைக்கு ஓர் அரசு அலுவலகத்தில் நீட்டினால் மாட்டிக்கொள்வது நீட்டியவர். ஆகவே யாரிடம் வாங்கினாலும் மூன்றைக் கேளுங்கள்: ஏட்டின் எண், பக்க எண், பதிவின் வரிசை எண். கூடவே மூலப் பக்கத்தின் படம். இந்த நான்கும் தர மறுப்பவரிடம் ஏடு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது பொருள் “ஐந்து தலைமுறை வம்சாவளி”. அதே பெயருள்ள ஏதோ ஒரு பவுலுஸை எடுத்து உங்கள் சின்னப்பன் என்று ஒட்டவைத்து, அதற்கு மேலே வேறு ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஏற்றிவிடுவார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிய பிறகு அதைத் தவறென்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், உங்கள் பேரப்பிள்ளைகள் அயலார் முன்னோர்களை நினைத்துப் பூசை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏட்டுப் பக்கம் காட்டாத வம்சாவளியை வாங்கவே கூடாது.

அரசு ஏட்டுக்கு வருவோம். 1925-இல் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பிறப்பு இறப்பை எழுதியவர் கிராம முன்சீப், 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி. குழந்தைக்குப் பெயர் வைக்குமுன்பே எழுதியதால் அந்த ஏடுகளில் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலி. “சின்னப்பன், ஆண் குழந்தை” என்றுதான் இருக்கும். நீங்கள் “ராயப்பன்” என்று மனு எழுதியிருப்பீர்கள், கிடைக்காமல் போனதில் வியப்பில்லை. தகப்பன் பெயர், ஊர், ஆண் என்று போட்டு, ஆண்டு ஆண்டாகத் தேடச் சொல்லுங்கள். தேடுதல் கட்டணம் ஆண்டுக்கணக்கில்தான் என்பதால் கோயில் ஏட்டில் ஆண்டைப் பிடித்த பிறகு போனால் செலவு குறையும்.

கிராமங்களின் பழைய பிறப்பு, இறப்பு ஏடுகளை முதலில் சார்பதிவாளர் அலுவலகத்திலும், அடுத்து வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேளுங்கள். இரண்டு இடத்திலும், மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமலே “அவ்வளவு பழசு எல்லாம் கிடையாது” என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மக்களுக்குச் சொந்தமான ஏடு. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பதிவைத் தேடச் சொல்லிக் கேட்கும் உரிமையை யாருக்கும் கொடுக்கிறது. வாய்வார்த்தைப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இப்படிக் கேளுங்கள்: “இன்ன கிராமத்தின் 1920 முதல் 1930 வரையிலான பிறப்புப் பதிவேடுகளில் எந்தெந்த ஆண்டின் ஏடுகள் உங்கள் அலுவலகத்தில் உள்ளன? இல்லாதவை எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டன? அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பு ஆணையின் நகல் தருக.” 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இப்படி எழுத்தில் கேட்டால்தான் மூட்டை அவிழும்.

தாத்தாவின் இறப்புப் பதிவைப் பற்றி ஒரு சொல். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. முன்சீப், கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) கையிலிருந்த ஏடுகள் கைமாறிய அந்தக் காலத்துக்கு அடுத்த ஆண்டுதான் தாத்தா இறந்திருக்கிறார். பதிவு விட்டுப்போயிருக்கலாம். ஆனால் கோயிலின் இறப்பு ஏடு உங்கள் ஊரிலேயே இருக்கிறது, 1968-க்குப் பிந்தியது. அடக்கம் செய்த நாள், வயது, அவஸ்தைப்பூசுதல் (சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கு) கொடுத்தவர் பெயர் எல்லாம் அதில் வரும். உங்கள் வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

“படிவம் 10 வாங்கிப் புதிதாகப் பிறப்பைப் பதிவு செய்துவிடலாம்” என்று அலுவலக வாசலில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படிவம் 10 என்பது பதிவு இல்லை என்பதற்கான சான்று. அதை வைத்து இன்று உருவாக்கும் பதிவு நீங்கள் கொடுத்த உறுதிமொழியை உங்களுக்கே திருப்பித் தருவது. குடும்ப வரலாற்றுக்கு அதில் ஒரு வரிகூடப் புதிதாகக் கிடைக்காது.

கல்லறைக் கல்லைத் தேடிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். கிராமக் கல்லறைத் தோட்டத்தில் மரச்சிலுவை நட்டார்கள், அது பத்து மழைக்குத் தாங்காது. இடம் போதாமல் பழைய குழியிலேயே மறுபடி புதைப்பதும் வழக்கம். இருக்கும் கற்களில் உங்கள் உறவுக் குடும்பங்களின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்தும் நிழலில் தெரியும். சுண்ணாம்போ பெயிண்டோ பூசி எழுத்தை எடுப்பாக்காதீர்கள்.

தாத்தாவின் பிள்ளைகளுடைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர் வேறாக இருந்தாலும் அது உங்கள் தாத்தா இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்ததால், அரசு ஏட்டில் ஒரு பெயரும் கோயில் ஏட்டில் ஒரு பெயருமாக வாழ நேர்ந்த குடும்பங்கள் ஏராளம். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் பார்த்தது என்பதையும் ஒவ்வொன்றுக்கும் கீழே குறியுங்கள்.