குடும்பத்தார் கூட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறேன். என் மகனுக்கு 24 வயது. இரண்டு வருடமாக சியாபு என்ற போதைப்பொருள் எடுக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பத்தார் வாரம் ஒருமுறை மண்டபத்தில் கூடிப் பேசுகிறார்களாம். நான் போனால் விஷயம் போலீஸுக்குப் போய்விடுமா? லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடுமோ என்றும் பயம். அங்கே வரும் ஒருவர், 4,000 வெள்ளி கொடுத்தால் மகனை ஒரு மறுவாழ்வு ஹோமில் சேர்த்து மூன்றே மாதத்தில் சுத்தமாக்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: போங்கள் அம்மா, இந்த வாரமே போங்கள். அந்த ஆளிடம் மட்டும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அங்கே போய்ப் பேசுவது போலீஸில் புகார் கொடுத்ததாக ஆகாது. அடையாள அட்டையைக் காட்ட வேண்டியதில்லை. மகன் பெயரும் வேண்டாம், ‘என் பிள்ளை’ என்றால் போதும். லயத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இரண்டு வருடமாக நடப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாமலா இருக்கும்? உங்களிடம் கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள்.

இந்த மாதிரிக் கூட்டம் புதிதல்ல. குடிகாரர்களின் மனைவிமார் 1951-இல் அமெரிக்காவில் தொடங்கியது அல்-அனான். இன்றுவரை கட்டணம் கிடையாது, வருகிறவர்கள் விருப்பப்பட்டுப் போடும் காசில்தான் நடக்கிறது. இந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மகன் ஆலோங்கிடம் கந்துவட்டிக்கு வாங்கிய கடனை அடைத்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ‘பையனுக்குக் காய்ச்சல்’ என்று பொய் சொல்லி, நகையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்த தாய்க்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 4,000 வெள்ளி. உடைந்துபோன தாய்மார் கூடும் இடம் என்று தெரிந்துதான் அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். இப்படிப்பட்ட ஏஜென்ட்டுகள் ஆளுக்கு இவ்வளவு என்று ஹோமிடம் கமிஷன் வாங்குவார்கள். டெபாசிட் திரும்ப வராது. புரியாத தாளில் கையெழுத்து வாங்குவார்கள். மூன்று மாதம் என்று உறுதி கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாது. சியாபுவை விடவைக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இன்னும் இல்லை. 2005-லிருந்து இங்கே கொடுக்கப்படும் மெத்தடோன் என்ற மருந்து ஹெராயின் வகைக்குத்தான். ஆகவே ‘சியாபு ஊசி’ என்று யார் விற்றாலும் பொய். தனியார் ஹோம் என்றால் ஏஏடிகே எனும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் பதிவு இருக்கிறதா என்று நீங்களே அந்த அலுவலகத்தில் கேளுங்கள். ஏஜென்ட் காட்டும் நகலை நம்பாதீர்கள்.

கூட்டத்தில் சொல்வதை எல்லாம் கேளுங்கள், மருத்துவ ஆலோசனையை மட்டும் எடுக்காதீர்கள். முக்கியமாக, குடி விஷயத்தில். உங்கள் மகனுக்கு இது பொருந்தாதுதான், ஆனாலும் சம்சு என்ற மலிவுச் சாராயம் புழங்கும் தோட்டத்தில் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ‘என் வீட்டுக்காரரை மூன்று நாள் அறையில் பூட்டினேன், நிறுத்திவிட்டார்’ என்று ஒரு அக்கா சொல்வார். அவர் வீட்டில் தப்பித்திருக்கலாம். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களுக்குள் கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகலாம். அப்படிப்பட்டவரைப் பூட்டாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடியை நிறுத்த என்று அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலக்கும் பொடியும் ஆபத்துதான்.

ஏஜென்ட்டுகளை வளர்த்துவிட்டது யார் என்பதையும் சொல்ல வேண்டும். தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவருக்கு ஏஏடிகே-யில் இடம் உண்டு, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இதைத் தோட்டத்துக்கு வந்து தமிழில் சொல்ல ஆள் எங்கே? ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடியுமுன் போகிற பெண் அரைநாள் சம்பளத்தை இழந்து அலுவலகக் கவுண்டருக்குப் போனால், புரியாத படிவத்தைக் கொடுத்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். வருடக்கணக்காக இதையேதான் பார்க்கிறேன்.

அதனால்தான் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறேன். அங்கே ஏற்கெனவே அந்தக் கவுண்டரைக் கண்டு வந்த தாய் ஒருவர் இருப்பார். எந்தக் கிழமை போகலாம், எந்தத் தாள் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரோடு பழகி வையுங்கள். மகன் ‘என்னால முடியலம்மா’ என்று சொல்லும் நாளில் மூவருமாகப் போங்கள். அதுவரை அவன் கடனை அடைக்காதீர்கள், சோற்றை நிறுத்தாதீர்கள். கை ஓங்கினால் வெளியே வந்து 999-க்கு அழையுங்கள்.