தேக்கங்கொழுந்து மஞ்சளாகிறது, யூரியா போடலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் எட்டுப் பரப்புக் (அரை ஏக்கர்) காணியில் பத்தடிக்குப் பத்தடி தேக்கு நட்டு ஐந்து வருடமாகிறது. மேற்குப் பக்கம் மரங்கள் நல்ல செழிப்பு. கிணற்றை அண்டிய பக்கத்தில் கொழுந்துகள் மஞ்சளாகி, மரம் வளராமல் நிற்கிறது. கோடையில் அந்தப் பக்கத்துக்குத்தான் தண்ணீரும் இறைக்கிறேன். மரத்துக்கு அரைக் கிலோ யூரியா போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா? அல்லது மண் பரிசோதனை செய்து பார்க்கவா?

பதில்: யூரியா இப்போது வேண்டாம். மஞ்சளாவது கொழுந்து என்று எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. நைதரசன் குறைந்தால் மரம் முதிர்ந்த இலையில் இருப்பதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் வெளிறும். இரும்பு அப்படி இடம் மாறாது. வேர் புதிதாக எடுத்துக் கொடுக்காவிட்டால் கொழுந்து பட்டினி கிடக்கும், அடி இலையோ பச்சையாகவே நிற்கும். ஒரு கொழுந்திலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிய, இடைப்பகுதி மட்டும் பழுத்த தேசிக்காயின் நிறத்தில் இருந்தால் இரும்புக் குறைபாடு என்றே நினைப்பேன். இலைகள் சிறுத்து, குடுமி கட்டினாற்போல நெருங்கி நின்றால் நாகச் சத்தும் (சிங்க்) போதவில்லை.

செம்பாட்டு மண்ணில் இரும்புக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தச் சிவப்பே இரும்புதான். ஆனால் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். காரம் ஏறிய மண்ணில் இரும்பு கரையாது. கரையாததை வேர் குடிக்க முடியாது. பொசுபரசும் கல்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடும். அலவாங்கு எடுத்து இரண்டு பக்கமும் குத்திப் பாருங்கள். கிணற்றுப் பக்கம் ஒன்றரை அடியிலேயே கல் தட்டும் என்பது என் ஊகம். அந்த ஆழத்து மண்ணில் ஒரு பிடி அள்ளித் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது.

தண்ணீர் விடும் பக்கமே கூட மஞ்சளாவது புதிராகத் தெரியும். நம் கிணற்று நீர் வன்னீர், அதில் இருகாபனேற்று என்னும் கார உப்பு அதிகம். அது வேரைச் சுற்றியுள்ள காரத்தைத் தணிய விடாது, இரும்பு மேலும் முடங்கும். நீங்கள் அன்போடு இறைத்த தண்ணீரே அந்த மரங்களை வாட்டியிருக்கலாம். ஐந்து வயதுத் தேக்குக்கு மாரி மழை போதும். இறைப்பை நிறுத்துங்கள்.

இனிச் சோதனை. மண் பரிசோதனை நல்லதுதான், ஆனால் மண்ணில் இருப்பதைத்தான் அது சொல்லும், மரத்துக்குள் போனதைச் சொல்லாது. அதற்கு மரத்தையே கேட்க வேண்டும். ஒரு மஞ்சள் மரத்தில் மூன்று கிளைகளுக்கு மூன்று நிறத் துணி கட்டுங்கள். முதற் கிளைக்கு, ஒரு லீற்றர் மழைநீரில் ஐந்து கிராம் பெரசு சல்பேற்று என்னும் இரும்பு உப்பும் சில துளி தேசிச்சாறும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் கொழுந்துகள் நனையத் தெளியுங்கள். கிணற்று நீரில் கலக்க வேண்டாம், இரும்பு துருவாகப் படிந்துவிடும். இரண்டாவதுக்கு லீற்றருக்குப் பத்துக் கிராம் யூரியா. மூன்றாவதுக்கு வெறும் மழைநீர். இரண்டு கிழமை பொறுத்துப் பாருங்கள். முதற் கிளையில் மட்டும் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி கண்டிருந்தால் நோய் பிடிபட்டது, இரும்புக் குறைதான். நானே செய்து பார்த்த சோதனை இது. மஞ்சள் இலையில் அந்தப் பச்சைப் புள்ளிகளைக் காண்பது பெரிய நிறைவு.

ஆய்வுகூடத்துக்கு இலை அனுப்புவதானால் நல்ல மரங்கள் பதினைந்தில் ஒரு கட்டு, நலிந்த மரங்கள் பதினைந்தில் ஒரு கட்டு. வெயில் படும் மேற்கிளையில், முழுதாக விரிந்த இலையாக எடுங்கள். தேக்கு இலை உதிர்க்குமுன் சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், ஆகவே பழுக்கத் தொடங்கிய இலை பொய் சொல்லும். கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீனில் வியர்த்துப் புழுங்கும். காய்ந்தபின் இரு கட்டிலும் இருபது இருபது இலையை நிறுக்கச் சொல்லுங்கள். நலிந்த இலை எடை குறைந்தும் நைதரசன் வீதம் அதே அளவில் இருந்தால், குறை நைதரசனில் இல்லை. ஒரு எச்சரிக்கை: மஞ்சள் இலையிலும் மொத்த இரும்பு போதிய அளவு காட்டலாம். இலைக்குள் அது பயன்படாமல் முடங்கிக் கிடக்கும். ஆய்வுகூடம் தரும் எண்ணிக்கையைவிட அந்தப் பச்சைப் புள்ளியை நம்புங்கள்.

கடைக்காரர் கணக்குப்படி உங்கள் இருநூற்றுச் சொச்சம் மரத்துக்கு நூறு கிலோ யூரியா. காரமண்ணின் மேல் தூவினால் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போகும். மரம் எடுக்காத மிச்சம் நைத்திரேற்றாகிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே கிணற்றில் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டில் அதைத் தாண்டிய கிணறுகள் ஏற்கெனவே இருக்கின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

இரும்புதான் என்று உறுதியானால், பெரசு சல்பேற்றை நேரே மண்ணில் கொட்டாதீர்கள், உடனே கட்டிப்போகும். மாட்டெருவோடு பிசைந்து, மரத்திலிருந்து மூன்றடி தள்ளி வெட்டிய வாய்க்காலில், பூவரசங்குழையும் கிளிசிரிடியாக் குழையும் தாழ்த்தி மூடுங்கள். மாரிக்கு முன் செய்தால் மழையில் அது உக்கிவிடும். உதிர்ந்த தேக்கஞ்சருகை இனி எரிக்க வேண்டாம். அதிலுள்ள நைதரசன் புகையாய்ப் போகிறது. கல் ஒன்றரை அடியில் தட்டும் இடத்து மரங்களுக்கு எந்தப் பசளையும் பெரிதாக உதவாது. முதல் ஐதாக்கலில் (நெருக்கம் குறைக்க மரம் வெட்டும்போது) அவற்றை எடுத்துவிட்டு வேம்பு வையுங்கள்.